சந்தியாகப்பரின் கடைசிப் பூச்சு

பழைய சிலையில் ஈயம் கிடைத்துவிட்டால் எங்கள் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். இப்போது யாராவது அப்படிச் சந்தோஷப்பட்டால் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் ராயபுரத்தில் தவசிமுத்து வீட்டுக் கூடத்தில் அன்று முதலில் கை தட்டியவள் நான்தான்.

என் பெயர் கௌசர். பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து, அங்கேயே குடியிருந்து, தினமும் கிண்டிக்குப் போய் ஓர் ஆய்வுக்கூடத்தில் பகுப்பாய்வு வேதியியல் பார்க்கிறவள். ஒரு பொருளைக் கொடுத்தால் அதில் என்னென்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்வேன். வயிற்றுப்பாட்டுக்குத் துறைமுகத்தில் இறங்குகிற உரமும் நிலக்கரியும். மனசுக்குப் பிடித்தது பேராசிரியர் வேதமாணிக்கம் அவ்வப்போது கொண்டுவருகிற பழம்பொருள்கள்தான். உர மூட்டைக்குச் சொல்ல ஒரு கதையும் கிடையாது. பானை ஓட்டுக்கு உண்டு. அதன் உள்பக்கம் ஊறியிருக்கிற கொழுப்பைப் பிரித்துப் பார்த்தால், என்றைக்கோ செத்துப்போன ஒருத்தி அதில் மீன் வேகவைத்தாளா பால் காய்ச்சினாளா என்று சொல்லிவிடலாம். இந்த வேலைக்குச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று நான் ஆச்சரியப்பட்ட நாட்கள் இருந்தன.

பேராசிரியர் அந்த வருஷம் கடற்கரையோரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இருக்கிற மரச் சொரூபங்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் தவசிமுத்து வீடு. படகுக்கு வேண்டிய பெயிண்ட், கயிறு, ஆணி விற்கிற கடை காசிமேட்டில். வீடு இரண்டு தெரு தள்ளி. கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளைக் குதிரை மேல் வாளை ஓங்கிக்கொண்டு சந்தியாகப்பர் என்ற புனிதர். சிவப்புப் போர்வை முதுகில் பறக்கிறது. தூத்துக்குடிப் பக்கமிருந்து தவசிமுத்துவின் முன்னோர்கள் தோணியில் வந்தபோது மடியில் வைத்துக் கொண்டுவந்ததாம், சொரூபம் செய்து முந்நூறு வருஷம் ஆகிறதாம். முந்நூறுக்குக் குறைந்து ஒரு வீட்டிலும் எங்களுக்குச் சொன்னதில்லை.

என் கருவி பார்ப்பதற்குத் துப்பாக்கி மாதிரி இருக்கும். பெயிண்ட் மேல் வைத்து விசையை அழுத்தினால் எக்ஸ்-கதிர் பாயும். உள்ளே இருக்கிற ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி அனுப்பும். திரையில் கோபுரம் கோபுரமாக எழும்பும். எந்தக் கோபுரம் யாருடையது என்பது எனக்கு மனப்பாடம். போர்வை மேல் வைத்து அழுத்தினேன். ஈயத்தின் இரண்டு கோபுரங்களும் திரையின் உச்சியைத் தொட்டன. இப்போது வீட்டுப் பெயிண்டில் ஈயம் சேர்க்கச் சட்டம் விடாது. அந்தக் காலத்தில் வெள்ளைக்கும் சிவப்புக்கும் அதுதான் ஆதாரம். எனவே கை தட்டினேன்.

"இன்னா மேடம், தங்கம் கீதா?" என்றார் தவசிமுத்து. பருத்த மனிதர், சிரித்தால் கண் காணாமல் போய்விடும்.

"பழசு கீது," என்றேன். "அது தங்கத்தவிட ஒசத்தி."

வீட்டுக்காரர்களிடம் தனிமங்களின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். செம்பு என்றால் தங்கமா என்பார்கள், பாதரசம் என்றால் ரசமணியா என்பார்கள், மறுநாள் தெருவே வாசலில் நிற்கும். பழசு, புதுசு, இந்த இரண்டு சொல்லுக்கு மேல் எங்கள் வாயிலிருந்து வராது. அன்றும் வரவில்லை.

தவசிமுத்துவின் மனைவி தங்கபுஷ்பம், இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தையோடு, பழசு என்று நான் சொன்னதைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். திருவொற்றியூரில் வளர்ந்தவள். முப்பது வயசு இருக்கும். வாய் ஓயாது. சுவரில் மாலை போட்ட படத்தில் ஒரு சின்னப் பையன் இருந்தான். நான் பார்ப்பதைப் பார்த்து அவளே சொன்னாள்.

"பெரியவன் மேடம். சந்தியாகு. ரெண்டு வயசுகூட முடியல. வயித்து வலின்னு சுருண்டுக்குவான், சோறு எறங்காது. அப்பறம் ஃபிட்ஸு வந்துச்சு. மூளைக் காய்ச்சல்னாங்க. மூணு வருஷம் ஆவுது."

"எங்க வூட்ல மூத்தது தங்காது மேடம்," என்றார் தவசிமுத்து, மழை வரும் என்று சொல்வதைப் போல. "எங்கண்ணன் அப்டிதான். எங்கப்பாவுக்கு மேல ஒரு அக்கா, அவங்களும் அப்டிதான். கீழ பொறந்ததுங்க எப்டியோ தப்பிச்சிக்கும்."

குழந்தையின் பெயர் ஜெசிந்தா. சோகை பிடித்து, வெளிறி, எட்டு மாதத்துக்கு மெலிந்து இருந்தது. சரியாக வெளிக்குப் போவதில்லை, எப்போதும் சிணுங்கல், ஒரு மருந்து சொல்லுங்கள் என்றாள் தங்கபுஷ்பம். டாக்டர் கௌசர் என்று பேராசிரியர் அறிமுகம் செய்துவைத்த கோளாறு.

"நான் அந்த டாக்டர் இல்லம்மா," என்றேன். "செத்து நூறு வருஷம் ஆனாதான் நான் பார்ப்பேன்."

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

வருஷா வருஷம் ஜூலையில் திருவிழாவுக்கு முன்னால், வீட்டின் மூத்த ஆண் மூன்று நாள் விரதமிருந்து சொரூபத்தைப் பெட்டியிலிருந்து இறக்கி, காய்ந்து பொருக்கான பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு பூசுவார். வெளி ஆள் கை படக்கூடாது. இதைத் தவசிமுத்து பெருமையாகச் சொன்னபோது பேராசிரியருக்கு முகம் சுருங்கிவிட்டது. சுரண்டியதெல்லாம் எங்களுக்குச் சரித்திரம் அல்லவா. "கீழ போட மாட்டோம் சார். புனிதர் மேல பட்டதாச்சே," என்றார் தவசிமுத்து. எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. போர்வையின் உள்மடிப்பில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கடுகளவு பொருக்கு ஒன்றைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

அந்தக் கடுகைப் பிசினில் புதைத்து, குறுக்கே வெட்டி, வழவழவென்று தேய்த்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் சொரூபத்தின் முழு ஆயுசும் அடுக்கடுக்காகத் தெரியும். கரை வைத்த சேலை முந்தானை மாதிரி, கோட்டுக்கு மேல் கோடு. அடியில் சுண்ணாம்பும் பசையும். அதற்கு மேல் ஈய வெள்ளை. அதற்கு மேல் பாதரசம் கலந்த சாதிலிங்கச் சிவப்பு, ரொம்பப் பழைய, கை தேர்ந்த வேலை. அதற்கும் மேல் பட்டை பட்டையாக ரெட் லெட். கப்பலின் அடிப்பக்கம் துரு ஏறாமல் இருக்கப் பூசுவார்களே, அந்த ஈயச் சிவப்பு. பட்டணத்துக்கு வந்தபிறகு, துறைமுகத்தில் மலிவாகக் கிடைத்ததைத் தாத்தாவும் அப்பாவும் பூசியிருக்கிறார்கள். மேலே மெலிசாக நாலைந்து பூச்சு மட்டும் இந்தக் காலத்து வீட்டுப் பெயிண்ட். அவற்றில் ஈயம் மருந்துக்கும் இல்லை.

பேராசிரியர் என் தோளைத் தட்டினார். இந்தக் கடற்கரையில் தாம் பார்த்தவற்றிலேயே இதுதான் மூத்தது என்றார். முந்நூறு வருஷம் என்று அந்தக் குடும்பம் சொன்னது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கலாம். போய்ச் சொல்லிவிட்டு, மிச்ச அளவுகளையும் எடுத்துக்கொண்டு வா என்று என்னை அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். தங்கபுஷ்பம் பூசைக்குப் போய்விட்டு வந்து, பட்டுப்புடவையோடேயே அடுப்படியில் நின்றாள். மட்டன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "உங்க ஏரியா பாய் கடைலதான் வாங்கிகினு வரச் சொன்னேன் மேடம். சாப்டாம போவக்கூடாது," என்றாள். அடியில் இருக்கிற பூச்சு ரொம்ப ரொம்பப் பழசு, உங்கள் வீட்டுக் கதை பொய்யில்லை என்று சொன்னேன். ஓடிப்போய்க் கண்ணாடிப் பெட்டியைத் தொட்டு முத்தமிட்டாள். கடைக்குப் போன் போட்டு, "இன்னாங்க, நெஜமாவே முந்நூறு வருசமாம், ஒடனே வாங்க," என்று கத்தினாள். அந்த வீட்டில் மூன்று வருஷமாக அப்படி ஒரு சத்தம் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கூச்சலில் குழந்தை விழித்து அழுதது. வயிற்றை எக்கி, காலை மடக்கி, விடாத அழுகை. தங்கபுஷ்பம் கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு சின்ன சீசாவை எடுத்தாள். தேங்காய் எண்ணெய். அடியில் செக்கச்செவேலென்று வண்டல். குலுக்கினாள். சுண்டுவிரலை விட்டு எடுத்துக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் எழுந்தது எனக்கே தெரியாது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாதும்மா இது?"

"சந்தியாகப்பர் எண்ணெ மேடம். அவர் மேல சுரண்டின தூளு, கல்வத்துல அரைச்சி, சாமியாராண்ட குட்த்து மந்திரிச்ச எண்ணெல போட்டு வெப்போம். எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு மட்டும்தான். மூத்தது தங்கறதில்லல்ல, அதனால பெரியவனுக்குக் காலைல ஒருவாட்டி, சாயந்தரம் ஒருவாட்டி, ஒருநாள்கூட வுட்டதில்ல."

சாப்பாட்டு மேஜை மேல் சீசாவை வைத்து என் கருவியை அழுத்தினேன். தேவையே இல்லை. இருந்தாலும் அழுத்தினேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அந்த இரண்டு கோபுரங்களும் எழும்பி உச்சியில் முட்டின. முதல்நாள் நான் கை தட்டியது இதற்குத்தான்.

மூத்தது தங்காது என்பதால் எண்ணெய் கொடுத்தார்கள். எண்ணெய் கொடுத்ததால் மூத்தது தங்கவில்லை. பயம் கூடக்கூட வேளையும் கூடியிருக்கிறது. வலி வந்தால் இன்னும் கொஞ்சம், வலிப்பு வந்தால் இன்னும் கொஞ்சம். அவள் எவ்வளவு நல்ல தாயோ அவ்வளவும் அந்தப் பையன் உடம்பில் ஏறியிருக்கிறது.

"இத்தக் குழந்தைக்கு இனிமே குடுக்காதம்மா," என்றேன். "இதுல ஈயம் கீது. விஷம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும், ரத்தத்துல எவ்ளோ ஏறிகீதுன்னு பாக்கணும். மருந்து கீது, சரியாயிடும்."

தவசிமுத்து அந்த நேரம்தான் வாசலில் செருப்பைக் கழற்றினார். கையில் ஸ்வீட் பாக்கெட். ஈயம் என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டது. அப்படியே நின்றார்.

தங்கபுஷ்பம் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் அவள் உள்ளங்கை வரை வழிந்திருந்தது. பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள், படத்தை.

"அப்போ சந்தியாகுவுக்கு?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று சத்தியமாகத் தெரியாது. அதற்குள் தவசிமுத்து பேசிவிட்டார்.

"அவனுக்கு ஒண்ணியும் இல்ல. அப்ப நல்ல பெயிண்ட்டு. எங்கப்பா காலத்துலருந்து நல்ல பெயிண்ட்டுதான்." ஸ்வீட் பாக்கெட்டைத் தரையில் வைத்தார். "அவன் போனதுக்கப்பறம் எனக்கு மனசு வுட்டுப்போச்சு. அந்த வருசம் திருநாளுக்குக் கடைல கப்பல் ஏலத்துல வந்த ரெட் லெட் டின்னு ஒண்ணு கெடந்துச்சு. அத்ததான் அடிச்சேன். அதுலருந்து அதான் அடிச்சிகினு வரேன். ஈயம் அதுலதான் கீது. நான் பண்ணதுதான்."

பொய். கடுகளவு பொருக்கில் அத்தனையும் தெளிவாக எழுதியிருந்தது. அவர் பூசிய பூச்சுகள்தான் அந்தச் சொரூபத்தில் இருந்தவற்றிலேயே சுத்தமான பூச்சுகள். பெயிண்ட் கடைக்காரர், எந்த டின்னில் என்ன இருக்கும் என்று தெரிந்தவர், தன் பிள்ளைகள் இருக்கிற வீடென்று பார்த்து நல்லதாக வாங்கிப் பூசியிருக்கிறார். சுரண்டும்போது அந்த மெல்லிய பூச்சோடு அடியிலிருந்த அப்பா காலத்து ரெட் லெட்டும் பெயர்ந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். வாசலில் நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அண்ணன், அத்தை, மகன், எல்லாம். யார் கை ஊட்டியது என்பதும்.

தங்கபுஷ்பம் என் பக்கம் திரும்பினாள். மேடம் என்று கூப்பிடவில்லை.

"அக்கா, நீங்க சொல்லுங்க. மிஷின்ல பாத்தவங்க நீங்க. அவர் சொல்றது நெஜமா?"

தவசிமுத்து என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை, கண் ஜாடை காட்டவில்லை. சும்மா பார்த்தார். என் வேலையில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றி எழுதினதில்லை. உரக்கம்பெனிக்காரர்கள் மிரட்டியும் மாற்றினதில்லை.

"ஆமா," என்றேன். "மேல் பூச்சுலதான் கீது. பழசுல இல்ல. உன் பையன் போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. தரையில் உட்கார்ந்து, குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு, "ஆண்டவரே, ஆண்டவரே," என்றாள். பிறகு எழுந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்தாள். நேராகப் போய்ப் புருஷனைக் கன்னத்தில் அறைந்தாள். நெஞ்சில் குத்தினாள். தலைமுடியைப் பிடித்து உலுக்கினாள். அவர் கையைத் தூக்கவில்லை.

"நீ பூசன வெசத்த என் கையால ஊட்ட வெச்சியே. பெத்த பொண்ணுக்கு என் கையாலயே ஊட்ட வெச்சியே," என்று கத்தினாள். அடுப்பில் குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது, யாரும் போய் அணைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். புருஷன் ஆட்டோவில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அவர் பைக்கில் பின்னாலேயே வந்து, ஆஸ்பத்திரி வாசலில், துறைமுகத்துக்குப் போகக் காத்துநின்ற கன்டெய்னர் லாரி வரிசைக்கு இந்தப் பக்கமாக நின்றார். ரத்தத்தில் ஈயம் பயப்படுகிற அளவில்தான் இருந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், முதல் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். "அது மூளைக் காய்ச்சல் டாக்டர், வேற விஷயம்," என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நல்லவேளை, மேலே ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது தவசிமுத்து கேட்டார். "மேல் கோட்டிங்ல இல்லல்ல?"

"இல்லண்ணே."

"தெரியும். நான் வாங்கின டின்னுதானே. எங்கம்மாவும் எங்கண்ணனுக்கு இப்டிதான் ஊட்டிகினு இருந்திருக்கும்," என்றார். "அது தெரியாமயே போய்ச் சேந்துடுச்சி. நல்லதாப் போச்சு."

ஈயத்தை உடம்பிலிருந்து இழுத்து வெளியே தள்ளுகிற மருந்து கொடுத்தார்கள். ஜெசிந்தா பிழைத்துக்கொண்டது. தங்கபுஷ்பம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மாதவரத்தில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போனாள். ராயபுரத்துக்குத் திரும்பவே இல்லை. குழந்தையைப் பார்க்கப் போன தவசிமுத்துவை அவள் அண்ணன் வாசலோடு திருப்பி அனுப்பினார். காசிமேட்டில் பேச்சு எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டுமா? பெயிண்ட் கடைக்காரன் செலவைப் பார்த்துப் பெற்ற பெண்ணுக்கே விஷம் வைத்தான். அவருடைய சொந்தத் தங்கையே அவர் முகத்துக்கு நேராக அதைச் சொல்லியிருக்கிறாள். கடையை மட்டும் தினமும் திறந்தார். அந்த ஜூலையில் சொரூபத்தைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இறக்கவில்லை. புதுப் பூச்சு இல்லாமல் சந்தியாகப்பர் திருநாள் கண்டது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவையாம்.

தங்கபுஷ்பம் எனக்கு அடிக்கடி போன் பண்ணுவாள். குழந்தையின் படம் அனுப்புவாள். நான் அவள் குழந்தையைக் காப்பாற்றியவளாம். ஒருநாள் சொன்னாள்: "நீங்க அன்னிக்கு ஆமான்னு சொன்னப்பதான் அக்கா எனக்கு உசுரு வந்துச்சு. என் புள்ள என் கையால போவல. அது ஒண்ண வெச்சிகினுதான் நான் தூங்கறேன். அந்தாள மட்டும் சாவற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்." நான் உம் கொட்டினேன். போனை வைத்தபிறகு அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இப்படி ஒரு சுமையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, மறுமுனையை என் கையில் கொடுத்துவிட்டாரே என்று.

பேராசிரியருக்கு இது எதுவும் தெரியாது. சொரூபத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி முடித்திருந்தார். எந்தப் பூச்சில் என்ன இருக்கிறது என்ற படமும் விளக்கமும் அதில் உண்டு. மேலே இருப்பவற்றில் ஈயமில்லை என்பதும் உண்டு. பத்திரிகைக்காரர்களையும் கூப்பிடுவதாக இருந்தார். நான் தவசிமுத்துவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். மறுநாளே கிண்டிக்கு வந்துவிட்டார். பாதி ஆளாக இளைத்திருந்தார்.

"அது வெளிய வரக்கூடாது மேடம்," என்றார். "அவ அண்ணன் எல்லாப் பேப்பரும் படிக்கிற ஆளு. தமிழ்ல வந்தா அவளே படிச்சிடுவா. எங்க வூட்டு சொரூபத்தப் பத்தி எழுதக்கூடாதுன்னு நான் சொல்லிட்டேன்னு சாராண்ட சொல்லிடுங்க."

"முந்நூறு வருஷம் நெஜம்ணே. நாங்க பாத்ததுலயே அதான் மூத்தது. உங்க வூட்டுப் பேரு வரும்."

"வேணாம்."

பேராசிரியர் குதித்தார். படிக்காத ஜனங்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று என்னிடம் கத்தினார். நான் பதிலுக்குக் கத்தியதில் ஆய்வுக்கூடமே எட்டிப்பார்த்தது. ஏன் அவ்வளவு கத்தினேன் என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. கட்டுரை நின்றுபோனது. ராயபுரத்துச் சந்தியாகப்பர் மறுபடியும் முந்நூறு வருஷம் என்று வீட்டுக்காரர்கள் சொல்லிக்கொள்கிற சொரூபங்களில் ஒன்றாகிவிட்டார்.

தவசிமுத்து கீழே கேன்டீனில் காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார். டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு கேட்டார்.

"அவ தூங்கறாளா?"

"தூங்கறா."

"என்னப் பத்தி எதுனா கேக்கறாளா?"

அதற்கு மேல் பொய் சொல்ல என்னிடம் தெம்பில்லை. "திட்டறாண்ணே."

"திட்டட்டும் மேடம். அவளையே திட்டிகினு கெடக்கறதுக்கு என்னத் திட்டட்டும்."

என் போனில் ஜெசிந்தாவின் படம் இருப்பது ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின நாள்தான் தங்கபுஷ்பம் அனுப்பியிருந்தாள். எடுத்து அவரிடம் நீட்டினேன். முகத்தில் ரத்தம் ஊறியிருக்கிறதா, கன்னம் பிடித்திருக்கிறதா என்று மட்டும்தான் நான் அதில் பார்த்திருந்தேன். அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"பல்லு வந்துகீது மேடம்," என்றார். "கீழ. ஒரு வயசாவப் போவுது, இன்னும் பல்லே வரலியேன்னு பயந்துகினே இருந்தேன்."

படத்தை அவருக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். தப்பித்தவறி தங்கபுஷ்பத்துக்குத் தெரிந்தால் எனக்கும் எதுவும் அனுப்ப மாட்டாள், அப்புறம் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்க ஆளே இருக்காது என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார். நான் அந்தக் கேன்டீனில், அத்தனை பேருக்கு நடுவில், அழுதுவிட்டேன். அவர்தான் எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.